வந்தவர்களுக்குச் சொன்ன முறை

மடத்துவெளி,
புங்குடுதீவு.
புரட்டாதி, 2025

அன்பின் கஜனிக்கு,

இல்லை, மேடைப் பயம் இல்லை. மொழியும் காரணம் இல்லை. கட்டுரை கையில்தான் இருந்தது. வாசிக்கவில்லை. அவ்வளவுதான் என்று இந்த இடத்திலேயே முடித்துவிடலாம். முடித்தால் நீ இன்னும் கோபப்படுவாய்.

உன் குரல்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். சமஷ்டியும் நல்லாட்சியும் பற்றிய சர்வதேச உரையாடல் என்று இத்தனை நாட்டு ஆட்களைச் சுவிஸ் பேர்ணிலிருந்து எங்கள் வாசிகசாலைவரை அனுப்பிவைத்தாய். அவர்கள் திரும்பி வந்து ஊரைப் புகழ்கிறார்களாம். உள்ளூர்ப் பேச்சாளர் மட்டும் வாய் திறக்கவில்லையாம். "என்னடி செய்தனி?" என்று கேட்டிருந்தாய். அந்தக் கேள்வியில் நீ பழைய கஜனியாக இருந்தாய். சந்தோஷமாக இருந்தது.

வட்சப்பில் பதில் போட்டால் நீ உடனே மறுபதில் போடுவாய். இதற்கு உடனடிப் பதில் வேண்டாம். அதனால் கடிதம். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. மழை இன்னும் இல்லை. மற்றபடி சுகம்.

கட்டுரையில் 'தனியார் காணியிலுள்ள ஒரு நன்னீர்க் கிணறு' என்று எழுதியிருந்தேன். நல்ல உதாரணம் என்று நீ பக்கத்தில் குறித்து அனுப்பினாய். அது உங்கள் வீட்டுக் கிணறு, கஜனி. உன் பெயருக்குச் சீதனமாக எழுதிய காணி. நீ கண்டுபிடித்துக் கேட்பாய் என்று இருந்தேன். நீ கேட்கவில்லை.

உன் அம்மா ஊரில் இருந்த காலத்தில் வாசல் படலைக்குப் பூட்டு இல்லை. ஆடு நுழையாமல் ஒரு கயிற்றுத் துண்டு. சனிக்கிழமை நாங்கள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு கிணற்றுக் கட்டில் இருப்போம். கடற்கரை ஒழுங்கை வீடுகளின் பெண்கள் குடத்தோடு வருவார்கள். வாளிச் சத்தமும் அவர்களுடைய கதையும். உன் அம்மா குசினி அடுப்படியில் இருந்தபடியே அந்தக் கதைகளுக்குப் பதில் சொல்லுவா.

அவ ரொறன்ரோவுக்கு உன் அண்ணாவிடம் போனபின், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் உன் பரராசசிங்கம் மாமா படலைக்குப் பூட்டுப் போட்டார். தேங்காய் களவு போனதாம். கடற்கரை ஒழுங்கையில் எல்லாக் கிணறும் உவர். அந்தப் பெண்கள் இப்போது பிரதேச சபையின் தண்ணீர் பவுசர் வண்டிக்குக் காத்திருக்கிறார்கள். பவுசர் வராத நாளில் தூரத்துக் கிணறுகளுக்கு வெயிலில் நடக்கிறார்கள். போன கோடையில் அந்த ஒழுங்கைச் சூசையம்மா படலையடியில் நின்று, "ஐயாவுக்குத் தேங்காய் எண்ணத் தெரியும், மனுசரை எண்ணத் தெரியாது" என்று ஊர் கேட்கச் சொன்னா. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. சபையில் இந்தப் பிரச்சினையை இரண்டு தரம் எடுத்தேன். தனியார் காணி, தலையிட ஏலாது என்றார்கள். நானும் அந்தச் சபையின் உறுப்பினர்தான்.

இதைத்தான் வாசிக்க இருந்தேன்.

உன் ஆட்கள் வான் வண்டியில் வந்து இறங்கினார்கள். வாசிகசாலையில் இரவல் கதிரைகள், பனங்காய்ப் பணியாரம், சோடா. ஒரு பக்கத்தில் மாமாவின் ஆட்கள். மறுபக்கத்தில் கடற்கரை ஒழுங்கை. மாமா இஸ்திரி போட்ட வேட்டியோடு முன்வரிசையில். சமஷ்டி என்ற சொல்லைத் தான் அரைக் காற்சட்டை போட்ட நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பதாகவும், இன்றைக்குத்தான் அது வான் பிடித்து வந்திருப்பதாகவும் பக்கத்தில் இருந்தவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சுவிஸ் மனிதர் தண்ணீர் நிர்வாகத்தில் வேலை செய்தவர். வறட்சிக் காலத்தில் குடிநீரை எப்படிப் பகிர்கிறீர்கள் என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். கட்டுரையை விரித்தேன்.

அதற்குள் மாமா எழுந்துவிட்டார். வந்தவர்களுக்கு முன்னால் வீட்டுச் சண்டையை விரிக்கலாமா? "எங்களுக்குள்ளை ஒரு பிரச்சினையும் இல்லை. காலமை அவை அள்ளுவினம், பின்னேரம் நாங்கள்" என்றார். பச்சைப் பொய். நான் சூசையம்மாவைப் பார்த்தேன். ஒரு வருடக் கோபம். இப்போது வெடிக்கும்.

அவ எழுந்து சேலையைச் சரிசெய்தா. "ஓம் ஓம். ஐயா படலையைத் திறந்துதான் வைச்சிருக்கிறவர். காத்து வரட்டும் எண்டு" என்றா. பின்னால் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்தினார்கள். அவவுக்கும் அதே மானம். வந்த சனத்துக்கு முன்னால் ஊரைக் குறைத்துக் காட்டக்கூடாது.

அதோடு நின்றிருந்தால் அது வெறும் பொய். உன் ஆட்கள் விடவில்லை. அவர்களுடைய தொழிலே அது. நேபாளத்திலிருந்து வந்த அக்கா நகரசபையில் பிரதி மேயராக இருந்தவ. ஒருவர் அளவுக்கு மிஞ்சி அள்ளினால் யார் தடுப்பது என்று கேட்டா. மாமா சூசையம்மாவைப் பார்த்தார். ஒரு வருடத்துக்குப் பிறகு முதற்தடவை. வீட்டுக்கு இரண்டு குடம் என்றா அவ. கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு மூன்று என்றார் இவர். அப்படியென்றால் வயதான ஆட்கள் இருக்கிற வீட்டுக்கும் மூன்று என்றா அவ. "உமக்கு எப்பவும் ஒண்டு கூட வேணும்" என்று மாமா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். முகத்தில் சிரிப்பு. வந்தவர்களுக்காக. நான் முடிவை மட்டும் மொழிபெயர்த்தேன்.

எதியோப்பியர் கிணறு இறைக்கும் செலவைக் கேட்டார். இரு பக்கமும் பாதி என்றார்கள். அதுவும் அந்த நிமிடத்தில் பிறந்தது. முறை தவறினால்? ஒருநாள் தண்ணீர் இல்லை. யார் தீர்ப்பது? இரு பக்கத்திலும் ஒவ்வொரு பெண். ஏன் பெண் என்று கேட்டதற்கு, "ஆம்பிளையள் பூட்டுப் போடுவினம்" என்றா சூசையம்மா. மாமாவும் சிரித்துவிட்டார். அது வந்தவர்களுக்கான சிரிப்பு இல்லை.

கஜனி, நாங்கள் எத்தனை அரசியலமைப்புகளைப் பாடமாக்கினோம். ஒன்று பிறப்பதை அன்றுதான் பார்த்தேன். பணியாரத் தட்டுகளுக்கு நடுவில்.

அப்போது உன் ஆட்கள் என் பக்கம் திரும்பினார்கள். உங்கள் கட்டுரை? அதில் பூட்டு இருந்தது. வாசித்திருந்தால் இருவரும் பொய்யர்கள். மாமா வேட்டியை உதறிக்கொண்டு போயிருப்பார். அவர்கள் சொன்னதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை என்றேன். நீ கேள்விப்பட்ட மௌனம் அதுதான். நேபாளத்து அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தா. போகும்போது கையை இறுக்கிப் பிடித்தா.

நாங்கள் சேர்ந்து படித்த நாளின் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி விடுதி அறை ஞாபகம் வந்தது. பரீட்சைக்குப் படிக்கும்போது நீ நடுவில் வெண்கட்டியால் கோடு போட்டாய். யன்னல் உன் மாநிலத்தில். மின்விசிறியின் சுவிச் என் மாநிலத்தில். பங்குனி வெயிலில் நீ யன்னலைப் பூட்டினாய். நான் விசிறியை நிற்பாட்டினேன். வியர்க்க வியர்க்க விட்டுக்கொடுக்காமல் இருந்தோம். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. அந்த அறையில் பேசியதுபோல பிறகு நான் ஒருவரோடும் பேசியதில்லை. சபையில் பேசுகிறேன். அது வேறு.

மறுநாள் காலை போய்ப் பார்த்தேன். படலை திறந்திருந்தது. மாமா வெளியே கதிரை போட்டுப் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். பெண்கள் குடத்தோடு அவரைத் தாண்டிப் போனார்கள். அவர் தலை நிமிரவில்லை. "வந்த சனத்துக்குச் சொல்லிப்போட்டம். இனி மாத்தேலாது" என்றார் என்னிடம். அன்றிலிருந்து முறை நடக்கிறது. வாளிச் சத்தம் எங்கள் வீடுவரை கேட்கிறது.

ஆனால் ஒன்று. கூட்டத்தில் கனடாக்காரர், கிணறு யாருடையது என்று கேட்டார். மாமா அந்த ஒரு கேள்விக்குத்தான் உண்மையைச் சொன்னார். காணிக்காரப் பிள்ளை வெளிநாட்டில், அவளுடைய சம்மதம் வேணும் என்று. இப்போதும் அதையே சொல்கிறார். தான் காவலுக்கு இருக்கிற ஆளாம். உன் அண்ணா மதில் கட்டச் சொல்லிக் காசு அனுப்பப் போகிறாராம். பிள்ளை தன் கையால் ஒரு சொல் எழுதினால் மதிலும் இல்லை, பூட்டும் இல்லை; எழுதாவிட்டால் தீபாவளியோடு பூட்டு. தொலைபேசியில் சொன்னால் காற்றோடு போய்விடுமாம்.

நீ எழுதும் அறிக்கையில் எங்கள் கிணறு வரும் என்று நினைக்கிறேன். வரட்டும். கட்டுரை வேண்டுமென்றால் அனுப்புகிறேன். ஆனால் அதற்கு முன்னால் மாமாவுக்கு எழுது. இரண்டு வரி போதும். நேரில் வந்து சொன்னால் எழுதவும் தேவையில்லை.

அங்கே குளிர் தொடங்கியிருக்கும். தனிய இருந்து சாப்பிடாதே. நயினை அம்மன் உன்னோடு இருக்கட்டும்.

யன்னல் இல்லாத மாநிலத்திலிருந்து,
கோபிகா

பி.கு.: வேலணைத் தபால் கந்தோரில் நின்று இதைச் சேர்க்கிறேன். இன்னோர் உறை வாங்கி, அதில் மாமாவின் முகவரியை எழுதி, மடித்து உள்ளே வைத்திருக்கிறேன்.