உங்கள் சைக்கிள் ஜெயித்துவிட்டது, அப்பா

என் அவசரக்கார அப்பாவுக்கு,

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைத்தால் உங்களுக்குப் பொறுக்காது. இந்த ஓணத்துக்கு கிளப்பில் நடந்த ஸ்லோ சைக்கிள் ரேஸில் உங்கள் சைக்கிள் ஜெயித்துவிட்டது. ஆமாம், அதே சிவப்பு மவுண்டன் பைக்தான். ஓட்டினது நான்.

நம்ப முடியவில்லை, இல்லையா? எனக்கே இன்னும் முழுசாக நம்பிக்கை வரவில்லை.

இதை வேறு யாராவது வாசித்தால் அவர்களுக்கும் விளங்க வேண்டுமே. அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன். ஸ்லோ ரேஸில் கடைசியாக வந்து சேருகிறவருக்குத்தான் பரிசு. சுண்ணாம்புக் கோட்டுக்குள்ளேயே ஓட்ட வேண்டும், கால் தரையில் படக்கூடாது. சோற்றை விழுங்குவதிலிருந்து கோவிலைச் சுற்றுவது வரைக்கும் எல்லாவற்றிலும் அவசரப்படுகிற நீங்கள், வருஷம் தவறாமல் இந்த ஒரு போட்டிக்குத்தான் பேர் கொடுப்பீர்கள். வருஷம் தவறாமல் முதலில் கால் ஊன்றுவதும் நீங்கள்தான். "பாஸ்கரன் அவுட்" என்று மைக்கில் சொல்வது நம் கொல்லயில் ஊர் முழுக்கக் கேட்கும். அம்மா அடுக்களையில் தலையில் அடித்துக்கொள்வாள்.

குற்றமெல்லாம் பழைய சைக்கிளின் மேல் என்றீர்கள். மெலிந்த டயர் நிற்காதாம். அதற்காகவே, மலையில்லாத ஊரில், நெய்யாற்றின்கரை வரை போய் மவுண்டன் பைக் வாங்கி வந்தீர்கள். அதில் கேரியர் இல்லை என்று பழைய சைக்கிளின் கேரியரைக் கழற்றி இதில் மாட்டினீர்கள். தடித்த டயரைத் தட்டிக் காட்டி, "பிடிக்காம விட்டாலும் நிக்கும் பாத்துக்கோ. இது ஜெயிக்க வந்த சைக்கிளாக்கும்" என்றீர்கள். அந்த ஓணத்துக்கும் முதலில் கால் ஊன்றினீர்கள்.

நீங்கள் கண்ணை மூடின பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. எனக்குப் பாறசாலையில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் வேலை கிடைத்தது. காலையில் பூத்தைத் திறப்பது நான்தான், பஸ்ஸை நம்பி நிற்க முடியுமா? உங்கள் சைக்கிளை எடுத்தேன். பாவம், அதுவும் எவ்வளவு மழைதான் தாங்கும். ஒருநாள் ஏற்றத்தில் சின்ன கியருக்கு மாற்றினேன், லீவர் அப்படியே இறுகிக்கொண்டது. பிறகு எவ்வளவு மிதித்தாலும் வண்டி ஊர்ந்துதான் போகும். நடந்து போகிறவர்கள் என்னை முந்திக்கொண்டு குசலம் விசாரித்தார்கள்.

குன்னத்துகாலில் சைக்கிள் கடை வைத்திருக்கும் தங்கப்பன் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் கவிழ்த்துப் போட்டுப் பார்த்தார்.

"மக்கா, ஃப்ரேம் நல்லா உண்டு. மத்ததெல்லாம் போச்சு. ரெண்டு வீலும் கோட்டம். செயின், ஃப்ரீவீல், கியர் எல்லாம் மாத்தணும். பேசாம புதுசு ஒண்ணு வாங்கு."

"நன்னாக்க முடியாதா அண்ணே?"

"முடியும். ஆனா அவ்வளவும் மாத்துன பொறவு ஒனக்க அப்பாவுக்க சைக்கிளுன்னு சொல்ல என்னது மிச்சம் உண்டு?"

இதற்கு என்ன பதிலென்று உங்களுக்குத் தெரிந்திருக்குமா?

புது சைக்கிள் விற்கிற கடைக்குப் போய் ஒன்றை ஓட்டியும் பார்த்தேன். நல்ல சைக்கிள் அப்பா, பொய் சொல்ல மாட்டேன். வழுக்கிக்கொண்டு போனது. பழையதைக் கொடுத்தால் எடுத்துக்கொள்வோம் என்றும் சொன்னார்கள். அம்மாவுக்கு அதுதான் சம்மதம்.

"கொண்டு குடு பிள்ளே. அத பாக்கும்போ எல்லாம் அவரு பட்ட நாணக்கேடு தான் எனக்கு ஞாபகம் வருது" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உங்கள் மகள் அல்லவா? "அப்போ நான் அதுல ஜெயிச்சுக் காட்டுனா?" என்று கேட்டுவிட்டேன். அம்மா சிரித்தாள். நீங்கள் போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "ஜெயிச்சிட்டு வா, நான் பின்ன வாய் தொறக்க மாட்டேன். தோத்தா ஓணம் கழிஞ்ச உடன அது கடைக்குப் போணும்."

அப்படித்தான் உங்கள் சைக்கிளின் தலையெழுத்து ஸ்லோ ரேஸில் வந்து நின்றது. பிரேக்கை மட்டும் சரிசெய்து, பெண்கள் போட்டிக்கு இல்லாமல், உங்கள் கூட்டாளிகள் ஓட்டுகிற பொதுப்போட்டிக்கே பேர் கொடுத்தேன்.

எப்போதும் ஜெயிக்கிற உங்கள் கூட்டாளி சோமன் மாமனுக்கு என்னைப் பார்த்ததும் வாய் சும்மா இருக்கவில்லை. "அப்பனுக்க பேர காப்பாத்த வந்தியா மக்கா? முதல்ல கால் ஊணுறது ஒங்க குடும்பத்துக்கு எழுதி வச்சதாக்கும்." மைதானமே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு சைக்கிளைக் கோட்டில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

விசில் ஊதினார்கள். பிரேக்கைப் பாதி பிடித்துக்கொண்டு மெல்ல மிதித்தேன். சின்ன கியர் அல்லவா, மிதிக்க லேசு, வண்டி நகர்வதோ கொஞ்சமே கொஞ்சம். தடித்த டயர் மண்ணைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றது. பக்கத்தில் ஒவ்வொருவராகக் கால் ஊன்றுவது தெரிந்தது, நான் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் சோமன் மாமனும் நானும். அவர் சைக்கிள் ஒருபக்கம் சாய்ந்தது. ஹேண்டிலை வெட்டினார், வெட்டினார், பிறகு கால் ஊன்றிவிட்டார்.

நீங்கள் ஒருநாளாவது அந்தச் சின்ன கியரைத் தொட்டிருக்கிறீர்களா? "அது சீக்குக்காரங்களுக்காக்கும்" என்று சொல்லி ரேஸுக்கும் பெரிய கியரிலேயே நின்றீர்கள். ஒரு மிதிக்கே வண்டி பாய்ந்தால் கால் ஊன்றாமல் என்ன செய்வீர்கள்? அது ஜெயிக்க வந்த சைக்கிள்தான் அப்பா. நீங்கள்தான் அதை ஜெயிக்க விடவில்லை.

"ஒண்ணாம் ஸ்தானம், கொல்லயில் பாஸ்கரன்டெ மகள் லதா" என்று மைக்கில் சொன்னார்கள். உங்கள் பேரும் ஒண்ணாம் ஸ்தானமும் முதன்முதலாகச் சேர்ந்து வந்தது. அங்கேயே நின்று அழுதுவிட்டேன். எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

பரிசு ஒரு முழு ஏத்தன் வாழைக்குலை. உங்கள் கேரியரில் அதை வைத்துக் கயிறு கட்டியது சோமன் மாமன்தான். "அவன் இருந்திருக்கணும்" என்று முடிச்சை இறுக்கினார். வழியெல்லாம் ஆட்கள் நிறுத்தி நிறுத்திக் கேட்டார்கள். நானும் யாரையும் விடாமல் எல்லோருக்கும் முதலிலிருந்து சொன்னேன்.

அம்மா மைக்கில் கேட்டுவிட்டு ரோட்டுக்கே வந்து நின்றிருந்தாள். குலையை அவள் பார்க்கவேயில்லை. சைக்கிளின் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டாள்.

"தங்கப்பன்ட்ட கொண்டு போ. என்னது வேணும்னாலும் மாத்தட்டும். பெயின்ட்ட மட்டும் தொடாண்டாம்னு சொல்லு."

கடை திறந்ததும் போய் நின்றேன். "மிச்சம் என்னது உண்டுன்னு கேட்டீங்களே அண்ணே, இது ஜெயிச்ச சைக்கிளாக்கும்" என்றேன். தங்கப்பன் அண்ணன் ஸ்பானரை எடுத்தார்.

இப்போது எல்லா கியரும் விழுகிறது. பூத்துக்குப் போகும்போது உங்கள் பெரிய கியரில் பறக்கிறேன், அம்மா பின்னாலிருந்து திட்டுகிறாள். உங்களைத் திட்டின அதே வார்த்தைகள். அடுத்த ஓணத்துக்கு அவளும் மைதானத்துக்கு வருகிறாளாம். அன்றைக்கு மட்டும் சின்ன கியருக்கு மாற்றிக்கொள்வேன். உங்கள் பேரை இனி மைக்கில் முதலில் சொல்ல விடமாட்டேன் அப்பா. கடைசியாகத்தான் சொல்வார்கள்.

ஒண்ணாம் ஸ்தானம் வாங்கின பாஸ்கரனின் மகள்,
லதா