நண்டு எப்படிச் சாக வேண்டும்

உன் மனைவி அனுப்பிய ஹார்ட் டிஸ்க் போன வாரம் வந்து சேர்ந்தது. ஒரு சாப்பாட்டுப் பெட்டிக்குள் பழைய துணி சுற்றி வைத்திருந்தாள். மூடியைத் திறந்ததும் தின்னர் வாசனை. பலாபத்வலயில் உன் போன் கடைக்குள் கால் வைத்தவுடன் மூக்கில் ஏறுமே, அதேதான். எனக்கு அழுகை வரவில்லை. தலைவலிதான் வந்தது. உயிரோடு இருந்தபோதும் உன்னால் எனக்கு அதுதான் வந்தது.

அதே நாள் பார்த்து 'உப்புக்கோட்டை' கேமின் இரண்டாம் பாகத்து ட்ரெய்லரும் வெளியானது. நம் கேம் குழு கொதித்துக்கொண்டிருக்கிறது. கிராபிக்ஸ் முன்னைவிட அழகு என்கிறார் ஒருவர். முதல் பாகத்தை எழுதியவர்களில் பாதிப் பேரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள், இது தேறாது என்கிறார் இன்னொருவர். பதினைந்து மொழிகளில் வருகிறதாம். அதில் தமிழ் இல்லை. உடனே யாரோ உன் படத்தைப் போட்டு, "அண்ணன் இருந்திருந்தா இவனுங்களக் கிழிச்சிருப்பாரு" என்று எழுதினார்கள். கீழே வரிசையாகக் கைகூப்பு. நீ போய் நான்கு மாதத்தில் உன்னைச் சாமியாக்கிவிட்டார்கள். அந்தக் கும்பிடு போடும் வரிசையில் நான் நிற்கப் போவதில்லை.

ஆனாலும் அவர்கள் தேடி வந்தது என்னைத்தான். முதல் பாகத்துக்கு நாம் இருவரும் தொடங்கிய தமிழாக்கத்தில் கடைசி அத்தியாயம் மட்டும் வெளியாகாமல் கிடக்கிறது. இரண்டாம் பாகம் வருவதற்குள் அதை முடித்துத் தாருங்கள் என்கிறார்கள். அந்த அத்தியாயத்தில்தான் திருடன் நண்டு சாகிறான். அவன் என்ன பேசிக்கொண்டு சாக வேண்டும் என்பதை இப்போது நான் தீர்மானிக்க வேண்டும். நீயும் நானும் பிரிந்ததே அவன் பேச்சால்தான். அதனால்தான் இந்தக் கடிதம். நீ வாசிக்க மாட்டாய் என்பது ஒரு வசதி. குறுக்கே பேச மாட்டாய்.

ஒரே ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில் வளர்ந்து, ஒரே வகுப்பில் படித்து, ஒரே பஸ்ஸில் மாத்தளைக்கு இறங்கியவர்கள் நாம். நான் டவுனில் ஓர் அச்சகத்தில் தமிழ் டைப் செய்யப் போனேன். நீ போன் திருத்தக் கற்றுக் கடை போட்டாய். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, எங்கெங்கோ பொறுக்கிய பாகங்களை வைத்து நீ கட்டிய கம்ப்யூட்டரில் கேம் ஆடுவோம். ஆர்.பி.ஜி. மட்டும்தான். சுட்டுத் தள்ளுகிற கேம்களை நீ மதித்ததே இல்லை. "ஒரு ஆளா மாறணும் புள்ள. அவன் கஷ்டத்தப் பட்டு, அவன் முடிவ நாம எடுக்கணும். சும்மா சுடுறதுக்கு வேட்டைக்காரன் போதும்" என்பாய்.

உப்புக்கோட்டையை ஆடத் தொடங்கியபோது உன் மனைவியும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு வசனத்துக்கும் "என்னா சொல்றான்?" என்று கேட்டாள். விளக்கிச் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போய், "இதுக்குப் பேசாம எழுதியே போட்டுறலாம்" என்றாய். அப்படித்தான் ஆரம்பித்தது. நான் மொழிபெயர்ப்பேன், நீ அதை எப்படியோ கேமுக்குள் நுழைப்பாய். எழுத்து உடைந்து கட்டம் கட்டமாக வந்த வாரங்கள் எத்தனையோ. ஒருநாள் கோட்டைக் காவலாளி திரும்பிப் பார்த்து, திரையில் சுத்தமான தமிழில் "யார் அங்கே?" என்று கேட்டான். உன் மனைவி தன்னை மறந்து "நான்தாங்க" என்றாள். மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்த நாள் நல்ல நாள்தான். அதை நான் மறுக்கவில்லை.

பிறகு குழு வந்தது. யாழ்ப்பாணம், கொழும்பு, சென்னை, டொராண்டோ என்று ஆட்கள் சேரச் சேர நீ அதற்கு ராஜாவானாய். எந்தப் புதுக் கேம் வந்தாலும் நீ தீர்ப்புச் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் வாய் திறப்பார்கள். பாதி வெந்ததை வெளியிட்டுவிட்டு, ஒரு மாத டேட்டாவைக் குடிக்கிற அப்டேட்டை முதல் நாளே இறக்கச் சொல்லும் கம்பனிகளை விளாசினாய். கேம் ஓடு ஓடு என்று ஓடிய கையோடு அதைச் செய்தவர்களை வீட்டுக்கு அனுப்புகிறவர்களை விளாசினாய். பெரும்பாலும் நீ சொன்னது சரியாகத்தான் இருந்தது. எனக்கு எரிச்சலே அதுதான். "செஞ்சவன் பேரப் போடாத கம்பனியெல்லாம் ஒரு கம்பனியா?" என்று நீ எழுதியதை இன்றைக்கும் எடுத்து எடுத்துப் பகிர்கிறார்கள்.

உனக்குப் பிடிக்காத ஒன்று இன்னொருவருக்குப் பிடித்துவிட்டால் மட்டும் உன்னால் பொறுக்க முடியாது. மட்டக்களப்பிலிருந்து ஒரு பிள்ளை, நீ கிழித்துப் போட்ட ஒரு கேமைத் தனக்குப் பிடித்திருக்கிறது என்று எழுதியது. மூன்று நாள் விடாமல் அதைக் கேலி செய்தாய். நாலாம் நாள் அது குழுவை விட்டே போய்விட்டது. நானும் அப்போது உன்னோடு சேர்ந்து சிரித்தேன். என் முறை வரும் என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் அத்தியாயத்தில் உப்புச் சுரங்கத்து அடிமைகள் வருவார்கள். அவர்களில் ஒருவன்தான் தப்பி வந்து நம்மோடு சேர்ந்துகொள்ளும் திருடன் நண்டு. நான் எல்லோருக்கும் ஒரே மாதிரி எளிய தமிழ்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நீ அதை மாற்றினாய். ராணிக்கும் பூசாரிக்கும் செந்தமிழ். வியாபாரிகளுக்கு யாழ்ப்பாணப் பேச்சு. அடிமைகளுக்கும் திருடனுக்கும் நம் தோட்டத்துப் பேச்சு. ஞாயிறன்று ஆடும்போதுதான் பார்த்தேன். நண்டு வளைந்து கும்பிட்டுக்கொண்டு வந்து நின்றான். "சலாங்க தொர. பிரட்டுக்கு லேட்டாகிருச்சுங்களா?" என்றான். பிரட்டு என்றால் உன் அம்மாவும் என் அம்மாவும் வேலைக்குப் பேர் கொடுக்க விடியற்காலையில் போய் நின்ற வரிசை. நானும் சிரிப்பேன் என்று நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"இது என்னா?" என்றேன்.

"செட்டாவுதா இல்லயா? சுரங்கத்துல அடிமை. நம்ம ஆளுங்கதானே."

"அப்ப ராணி ஏன் நம்ம மாதிரி பேசல?"

"ராணி எப்படி புள்ள லயத்துப் பேச்சு பேசும்? ஆளுங்க சிரிப்பாங்க."

"இவன் பேசினாலும் சிரிக்கத்தானே போறாங்க."

"அது வேற சிரிப்பு."

"எங்கம்மா ரப்பர்ல பால் வெட்டப் போறப்ப பேசுன பேச்சு அது. ஒங்கம்மா இன்னைக்கும் அதத்தான் பேசுறாங்க. அதத் தூக்கித் திருட்டுப் பயலுக்குக் குடுத்துருக்கியே, ஒனக்கு வெக்கமா இல்லயா?"

"அய்ய, ஒரு கேமுக்குப் போயி என்னா பேச்சு பேசுற. நம்மள நாமளே கிண்டல் பண்ணா என்னா இப்ப? ஹரி, விடு புள்ள."

நான் விடவில்லை. முட்டாள்தனமாக அதைக் குழுவில் கொண்டுபோய் வைத்தேன். அதற்குள் நண்டு அவர்களுடைய செல்லப்பிள்ளை ஆகிவிட்டான். அவன் வசனங்களை ஸ்டிக்கராகப் போட்டு விளையாடினார்கள். டொராண்டோக்காரர் ஒருவர், நமக்காகக் கேமை ஓட்டிப் பிழை பார்ப்பாரே அவர்தான், "அந்தப் பாஷையைக் கேட்டாலே சிரிப்பு வருது, மாத்தாதேங்கோ" என்று எழுதினார். நீ அதற்கு ஒரு சிவப்பு இதயம் போட்டாய். அடுத்த பதிப்பு வந்தபோது, தமிழாக்கம் என்ற இடத்தில் உன் பெயர் மட்டும் இருந்தது.

"என் பேர் எங்க?" என்று கேட்டு உனக்குத் தனியாக அனுப்பினேன்.

"நீதான் புடிக்கலேன்னியே. புடிக்காததுல பேர் எதுக்கு?"

ஊர் உலகத்துக் கம்பனிகளையெல்லாம் கிழித்த வாய் அது. ஒரே ஒரு ஆள்மீது உனக்கு அதிகாரம் கிடைத்தது, அந்தக் கம்பனிகள் செய்வதையே நீயும் செய்தாய். அதன் பிறகு ஒன்றரை வருஷம் உன்னோடு நான் பேசவில்லை. டவுனில் இரண்டு தடவை எதிரே வந்தாய். இரண்டு தடவையும் நான்தான் ரோட்டைக் கடந்தேன்.

ஹார்ட் டிஸ்க்கை மாட்டி அந்தக் கடைசி அத்தியாயத்தைத் திறந்தபோது என் மனதில் ஓர் அற்ப ஆசை இருந்தது. தனியாக உட்கார்ந்து யோசித்து, வெட்கப்பட்டு, எதையாவது நீ மாற்றியிருப்பாய் என்று நினைத்தேன். செத்துப்போனவர்களைப் பற்றி அப்படித்தான் நினைக்கத் தோன்றுகிறது. நீ ஒன்றையும் மாற்றவில்லை. அடிமைகள் பிரட்டுக்குப் போகிறார்கள், நண்டு பல்லிளிக்கிறான், ராணி செந்தமிழில் ஆணையிடுகிறாள். கடைசியில் எதிரிப் படை வருகிறது. மற்றவர்கள் தப்பி ஓடுவதற்காக நண்டு கோட்டைக் கதவை உள்ளே நின்று சாத்திக்கொள்கிறான். அங்கே அவனுக்கு நீ எழுதி வைத்திருந்த வசனம் இது: "நீங்கள் செல்லுங்கள். இவ்வாயிலை நான் காப்பேன்."

அத்தனை அத்தியாயமும் லயத்துப் பேச்சில் திருடிப் பொய் சொன்னவன், சாகிற இடத்தில் மட்டும் ராணி வீட்டுத் தமிழ் பேசுகிறான். பக்கத்தில் குறிப்பு எழுதும் கட்டத்தில் நீ எழுதியிருந்தாய்: "இங்க சீரியஸ். யாரும் சிரிக்கக் கூடாது."

என் பெயரை நீ எடுத்தபோதுகூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வரவில்லை. அப்படியென்றால் உனக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. நம் பேச்சைப் பேசிக்கொண்டு ஒருவன் செத்தால் அந்த ஆட்கள் சிரிப்பார்கள் என்று தெரிந்திருக்கிறது. அவர்களை அப்படிப் பழக்கியதே நீதான். நண்டு உனக்குப் பிடித்தவன். அவனைக் கேலியிலிருந்து காப்பாற்ற நினைத்து, அவன் நாக்கையே பிடுங்கிவிட்டு வேறு நாக்கை ஒட்டி அனுப்பினாய்.

நான்கு மாதத்துக்கு முன், உனக்கு டெங்கு கடுமை என்று உன் மனைவி போன் செய்தாள். "அக்கா, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க" என்றாள். அவள் கேட்டதற்காக மட்டும்தான் சாப்பாட்டு நேரத்தில் அச்சகத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். உன் முகம் ஊதியிருந்தது. கட்டிலின் கால்மாட்டில் உன் அம்மா பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்கார ஒன்றும் இல்லை. நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய்.

"ட்ரெய்லர் வந்துருச்சா?" என்றாய்.

"இன்னும் இல்ல."

"வந்தாலும் பாதிதான் வந்துருக்கும்."

அவ்வளவுதான். நீ மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் பரவாயில்லை என்று சொல்லவில்லை. பிறகு உன் பார்வை அம்மா பக்கம் போனது. "நின்னுக்கிட்டே இருக்காதீங்கம்மா, காலு வலிக்கும். நீங்க போங்க. நான் பாத்துக்கிறேன்" என்றாய். கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. தலையைத் திருப்பக்கூட உனக்குத் தெம்பில்லை. இதில் எதைப் பார்த்துக்கொள்வாய்? உன் அம்மா "சரிப்பா" என்று தலையாட்டினார். ஆனால் போகவில்லை. மறுநாள் நீ போய்விட்டாய். அதற்குப் பிறகு நீ வாயே திறக்கவில்லை என்று உன் மனைவி சொன்னாள்.

உன் மரண அறிவித்தலை டைப் செய்ததும் நான்தான். 'அன்னாரின் பூதவுடல்' என்று அடித்தேன். உன்னை யாரும் ஒருநாளும் அன்னார் என்று கூப்பிட்டதில்லை. மாற்றி எழுத எனக்கு உரிமை இல்லை, அடித்துக் கொடுத்துவிட்டேன்.

இங்கே எனக்கு உரிமை இருக்கிறது. இன்று காலை நண்டின் வாயில் நீ வைத்த அந்த வரியை அழித்தேன். "நின்னுக்கிட்டே இருக்காதீங்க. நீங்க போங்க. நான் பாத்துக்கிறேன்" என்று எழுதினேன். ராணியின் செந்தமிழில் கை வைக்கவில்லை. முந்தைய அத்தியாயங்களில் நண்டு அடிக்கும் கூத்தையும் தொடவில்லை. அங்கெல்லாம் சிரித்துக்கொண்டே வருகிற ஆட்கள் இந்தக் கதவுக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். உன்மேல் பரிதாபப்பட்டு நான் இதைச் செய்யவில்லை. ஆத்திரத்தில்தான் செய்தேன்.

பிழை பார்க்க டொராண்டோக்காரருக்கு அனுப்பினேன். மத்தியானத்துக்குள் பதில் வந்தது. "நண்டு சாகிற இடத்தில அண்ணன் நல்ல தமிழ் போட்டிருந்தவர். ஏன் அதை மாத்தினீங்கள்? சாகப்போறவன் இப்பிடியோ கதைப்பான்?"

"இப்படித்தான் பேசினான்" என்று எழுதினேன். "நான் கட்டில் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தேன்."

போனை ஓரமாக வைத்துவிட்டு, கதவு சாத்தும் காட்சியை மறுபடி ஓட்டினேன்.

உன்மேல் உள்ள கோபம் எனக்குத் தீரவில்லை, தீர வேண்டும் என்ற ஆசையும் இல்லை. ஆனால் அந்த வரியை எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தாலும், நண்டு வாயைத் திறக்கிறான், கேட்பது உன் குரல். நீ நம்பாத பேச்சைப் பேசிக்கொண்டுதான் நீயும் போனாய். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். அதைக் கேட்டு எவனையும் சிரிக்க விடமாட்டேன்.