பர்னபாஸ் வாசலில் நிற்கும் மேப்பிள்

மைசூர் மைன்ஸ்,
கோலார் தங்க வயல்,
ஜூன் 14, ஞாயிறு.

அன்பு மகள் நளினிக்கு அப்பா எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம், நீயும் நாகோயாவில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும் என்று நானும் உன் அம்மாவும் வேண்டிக்கொள்கிறோம். ஞாயிறு தவறாமல் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டு கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நீ என்னோடு எங்கே பேசுகிறாய்? நல்லா இருக்கீங்களாப்பா என்று ஒரு வார்த்தை, அடுத்த வார்த்தை போனைப் பர்னபாஸ் அங்கிளிடம் கொடுங்கள் என்பதுதான். அவனிடம் இருப்பது பட்டன் போன், அதனால் நான் செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய் என் போனை அவன் கையில் கொடுத்துவிட்டு வேலி ஓரமாக நிற்கிறேன். மீதிப் பேச்சு முழுக்க அந்த ஜப்பான் மேப்பிளைப் பற்றித்தான். துளிர் விட்டதா, இலை ஓரம் கருகுகிறதா, தொட்டியில் எறும்பு ஏறுகிறதா என்று. என் முழங்காலில் எறும்பு ஏறினால் கேட்க ஆள் இல்லை.

மூடி மறைக்காமல் சொல்கிறேன், எனக்குப் பொறாமை. இரண்டு வருஷத்துக்கு முன் நீ கிளம்பின அன்று, பெங்களூரில் உன் ஜப்பானிய டீச்சர் கொடுத்த அந்த ஒரு முழ போன்சாய் மரத்தைத் தொட்டியோடு தூக்கிக்கொண்டு, நம் வாசலைத் தாண்டிப் போய் பர்னபாஸ் வாசலில் வைத்தாய். அன்று முதல் உள்ளே அறுத்துக்கொண்டே இருக்கிறது. அவன் யார்? மைனில் ஆட்களைச் சுமந்து போகிற கூண்டு, அந்தக் கேஜை ஏற்றி இறக்கின என்ஜின் டிரைவர். நான் பேக்டரியில் முப்பத்து நாலு வருஷம் ஃபிட்டர். உன் பள்ளிக்கூடக் கண்காட்சிக்குப் பித்தளையில் குட்டி கேஜ் செய்து மேலும் கீழும் ஓட வைத்தது யார்? அப்படிப்பட்ட கையை நம்பி என் சொந்த மகள் ஒரு மரத்தை விடவில்லையே. உன் அம்மாவிடம் சொன்னால், போயும் போயும் மரத்தாண்ட சண்டைக்கு நிக்கிறியே, இன்னா மனுசன்யா நீ என்று சிரிக்கிறாள்.

அவன் செய்வதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரியும். காலை பத்து மணி வரை வெயிலில் வைப்பான், பத்து அடித்ததும் ஷிப்ட் முடிஞ்சிதுடா ராஜா என்று அதனோடு பேசிக்கொண்டே பச்சை வலைக்குக் கீழே நகர்த்துவான். போர் தண்ணீர் உப்பு என்று அதற்கென்று தனி டிரம்மில் மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறான். மேல் மண்ணை விரலால் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால்தான் ஊற்றுவான். எவ்வளவு குளிர் அடித்தாலும் வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டான், வெளியில் வாழ்கிற மரம் என்று நளினி சொல்லியிருக்கிறாள் என்பான். நீ சொன்னது என்று அவன் வாயால் நான் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இனி எழுத வந்த விஷயம். மார்ச் மாதம் கண் ஆபரேஷனுக்காக அவன் ஒரு வாரம் பெங்களூரு போனான். போகும்போது மரத்தை என் பொறுப்பில் விட்டான். ஜனவரியில் நீ போனில் சொல்லச் சொல்ல, கிளைகளை வளைக்க அவன் அலுமினியக் கம்பி சுற்றினானே, அதைக் கிட்டே போய்ப் பார்த்தேன். எல்லாம் லூசு. டிரைவர் வேலை இவ்வளவுதான் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டு, பிளையரை எடுத்து ஒவ்வொரு சுற்றையும் இறுக்கி முறுக்கினேன். லூசாக ஒன்றைப் பார்த்துவிட்டு ஃபிட்டர் கை சும்மா இருக்குமா? ஞாயிற்றுக்கிழமை நீ பார்த்துவிட்டு, அப்பா வேலையே தனி என்று சொல்லப்போகிறாய் என்று காத்திருந்தேன். கிளை பருத்து வளர இடம் விட்டுத்தான் சுற்றுவார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும், நீ என்னிடம் அதையெல்லாம் சொன்னதே இல்லையே. ஞாயிறு வருவதற்குள் கம்பி தோலுக்குள் இறங்கிவிட்டது. இடது பக்கக் கிளையில் சிவப்பாக வந்திருந்த துளிர் அத்தனையும் துவண்டு தொங்கியது. அந்த வாரம் சிக்னல் இல்லை என்று சொன்னேனே, பொய்.

பர்னபாஸ் கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கி, என்னைப் பார்ப்பதற்கு முன் மரத்தைப் பார்த்தான். திட்டவில்லை. கம்பியைப் பிரித்தால் தோல் உரிந்து வரும் என்று சின்ன கட்டரால் துண்டு துண்டாக நறுக்க ஆரம்பித்தான். ஆபரேஷன் செய்த கண்ணில் தண்ணீர் வடியவும், உன் கை நடுங்காது, நீ வெட்டு என்று கட்டரை என்னிடம் கொடுத்தான். வெட்டினேன். கிளை நுனி காய்ந்துபோனது, மற்றது பிழைத்துக்கொண்டது. அன்று முதல் அந்தக் காய்ந்த பக்கம் உனக்குத் தெரியாதபடி அவன் போனைத் திருப்பித் திருப்பிப் பிடிக்கிறான். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

போன வாரம் தாங்க முடியாமல் கேட்டே விட்டேன், என் மகள் மரத்தை ஏன் உன்னிடம் கொடுத்தாள் என்று. அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். உம் பொண்ணு அன்னிக்கே சொல்லிச்சிபா, அப்பாகிட்ட குட்த்தா அவுரு அத்த சாக்கு வெச்சிகினு ஊர வுட்டு நவுரவே மாட்டாரு, நான் டிக்கெட் போட்டா மரத்துக்கு யாரு தண்ணி ஊத்துவாங்கன்னு கேப்பாரு, அதான் உங்களாண்ட வுடறேன் அங்கிள்னு.

நான் வேலி ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். முதல் வருஷம் நீ ஜப்பானுக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டபோது முழங்கால் என்றேன். போன வருஷம், பென்ஷனுக்கு உயிரோடு இருப்பதாகக் கையெழுத்துப் போட வேண்டும் என்றேன். விமானம் என்றால் பயம் என்பதை மட்டும் சொல்லவில்லை. மரம் என் வாசலில் இருந்திருந்தால் இந்த வருஷம் அதைத்தான் சொல்லியிருப்பேன் அம்மா.

டிசம்பர் குளிரில் அது இலையை எல்லாம் கொட்டிவிட்டுப் பிப்ரவரி வரை தூங்குமாம். அந்த நேரத்துக்கு டிக்கெட் போடு, எனக்கும் அம்மாவுக்கும். ஜன்னல் சீட் அவளுக்கு. கையெழுத்தை நவம்பரிலேயே போட்டுவிடுவேன். மரம் பர்னபாஸ் வாசலிலேயே இருக்கட்டும். நீ காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே, தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு வெளியே போகாதே. ஆயுசோடும் ஆரோக்கியத்தோடும் நீ நன்றாக இருக்க வேண்டும், அது போதும் எங்களுக்கு. ஒன்றை மட்டும் மறக்காதே. அடுத்த ஞாயிறு கூப்பிடும்போது முதல் பத்து நிமிஷம் என்னோடு பேசு. அப்புறம் போனை நானே கொண்டுபோய், காய்ந்த கிளையை நானே காட்டுகிறேன்.

இப்படிக்கு,
உன் மேல் ஆசையும் பர்னபாஸ் மேல் கொஞ்சம் கோபமும் மாறாத அப்பா,
காத்தவராயன்.