இன்றைக்குப் பெரட்டுக்குப் போக ஏலுமா

ராகலை
ஞாயிறு காலை

அன்பு மகள் ஹம்சினிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், போன வாரப் பரிசோதனையிலும் அம்மாவுக்குக் குறை எதுவும் சொல்லவில்லை. நீ சுகமா என்று நான் கேட்கவில்லை, அதற்குக் காரணம் உண்டு, கடைசியில் சொல்கிறேன். தொலைபேசியில் பேசினால் அம்மா இடையில் புகுந்துவிடுவாள் என்பதால் இதை எழுதி, அலுவலகத்துத் தனுஜாவைக் கொண்டு படமெடுத்து அனுப்புகிறேன். மழை விட்டு, கரட் பாத்தியில் நின்ற தண்ணீரும் வடிந்துவிட்டது.

வியாழக்கிழமை நடக்கும் புற்றுநோய்ப் பிரிவுத் தாதி வேலைக்கான நேர்முகத்துக்கு நீ எழுதி அனுப்பிய விடையை மூன்று முறை வாசித்தேன். நோயாளியிடம் பரிவு காட்டிய ஒரு சந்தர்ப்பத்தைக் கேட்பார்கள் என்கிறாய். உன் விடையில் 'அவருடைய வேதனையை முழுமையாக உணர்ந்தேன்' என்றொரு வரி இருக்கிறது. தயவுசெய்து அதை எடுத்துவிடு. இன்னொருவர் உடம்புக்குள் நடப்பதற்கு நீ சாட்சி அல்ல. கண்டதையும் கேட்டதையும் செய்ததையும் மட்டும் சொல். இதை வழக்கறிஞனாக மட்டுமல்ல, தவறு செய்த ஒருவனாகவும் சொல்கிறேன்.

கண்டியில் அம்மாவுக்கு மார்பில் சத்திரசிகிச்சை நடந்த வாரம் நீ பரீட்சையால் வர முடியாமல் படிக்கும் ஊரிலேயே இருந்தாய். வைத்தியர் சிங்களத்தில் கேட்பதை நான் தமிழில் கேட்டு, அம்மாவின் பதிலைச் சிங்களத்தில் சொல்வேன். வலி இருக்கிறதா என்பார். அம்மா "இல்லைங்க" என்பாள். ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் இல்லை என்று மூன்று நாள் மொழிபெயர்த்தேன். நான் சட்டம் படித்த ஆண்டுகளில் தேயிலைக் கொழுந்து பறித்து என்னைப் படிக்க வைத்தவள், விடியலில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் காய்ச்சலோடு நின்றும் 'ஒன்னுமில்லைங்க' என்று சொல்லிப் பழகியவள், வைத்தியரிடம் வேறென்ன சொல்வாள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. நான்காம் நாள் அனோஜா என்ற தாதி, வலப்பனைச் சிங்களப் பிள்ளை, அம்மாவின் தலை வாரப்படாமல் கிடந்ததைக் கவனித்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். வலியைப் பற்றிக் கேட்கவில்லை. தனக்குத் தெரிந்த தமிழில், "அம்மா, இன்னைக்கு பெரட்டுக்குப் போக ஏலுமா?" என்றாள். அம்மா சிரித்துவிட்டு, "எப்படி புள்ள போறது, கையைத் தூக்கவே முடியலையே, கூடைய எப்படி தலையில மாட்டுவேன்" என்றாள். சொன்ன பிறகுதான் அழுதாள். அரை மணி நேரத்தில் மருந்து மாறியது, அன்றுதான் தூங்கினாள். தோட்டத்துப் பெண்களோடு பஸ்ஸில் போய் வந்ததில் பெரட்டு என்ற அந்தச் சொல் தெரியும் என்றாள் அனோஜா. நட்சத்திரம் தெரியாததால் பெயரை மட்டும் சொல்லி அவளுக்கு ஒவ்வொரு திருவிழாவிலும் அர்ச்சனை செய்கிறேன்.

போன மாதம் நீ ஒன்று சொன்னாய், நினைவிருக்கிறதா? வலியே இல்லை என்று சாதித்த ஒரு கிழவரிடம், காலையில் சப்பாத்து நாடாவைக் கட்ட முடிந்ததா என்று கேட்டாயாம், அவர் தலையைக் குனிந்துகொண்டாராம். யாரும் சொல்லிக்கொடுக்காமல் நீயும் அந்தக் கேள்விக்கு வந்து சேர்ந்திருந்தாய். வியாழக்கிழமை அதைச் சொல், அது உன்னுடையது. அம்மாவின் கதையையும் சொல்ல விரும்பினால் சொல்லலாம், அவளுடைய சம்மதத்தைப் பெற்றுவிட்டேன். "தாராளமா சொல்லட்டும், அவ அப்பா மூனு நாளா வலி இல்லைனு சொல்லிக்கிட்டு நின்னாருங்கிறதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்க" என்றாள். சேர்த்துக்கொள். ஆனால் அனோஜா செய்தது எதுவும் நீ செய்ததாக ஒலித்துவிடக் கூடாது.

சான்றிதழ்களின் மூலப் பிரதிகளையும் நகல்களையும் தனித்தனி உறையில் வை. முருகன் உன்னோடு இருப்பான், எங்கள் இருவரின் ஆசியும் உண்டு. சுகமா என்று கேட்டால் 'சுகம்ப்பா' என்பாய், நீ உன் அம்மா பூரணியின் மகள். ஆகவே வேறு கேட்கிறேன்: நேற்று என்ன சமைத்தாய், யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாய்?

உன் பதிலுக்குக் காத்திருக்கும் அப்பா,
க. அழகுமுத்து