பட்டையில் ஏறிய கோடு

மார்ச் 3
ஆய்வகத்தில் என் ரப்பர்ப் பட்டை மறுபடி கிழிந்தது. ரப்பரில் கிராஃபீன் என்ற கரித்தூளைக் கூட்டினால் மின்சாரம் ஓடுகிறது, இழுத்தால் பட்டென்று அறுந்துவிடுகிறது. குறைத்தால் ஜோராக நீள்கிறது, மின்சாரம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன்.

பக்கவாதம் வந்ததிலிருந்து அம்மாவுக்குப் பேச்சில்லை, அசைவில்லை. "சொல்றது எதுவும் அவங்களுக்குப் போய்ச் சேர்ற மாதிரி தெரியலம்மா," என்கிறார் டாக்டர். சின்ன அசைவு அவர் கண்ணுக்குத் தப்பலாம். என் பட்டை மயிரிழை நீண்டாலும் மின்தடை மாறும், திரையில் கோடு ஏறும். அம்மாவின் விரலில் சுற்றிவிட்டால் போதும்.

மார்ச் 9
கலவை அமைந்துவிட்டது! அவசரப்படாமல் கலக்கியதுதான் சூட்சுமம். தூள் திட்டுத்திட்டாகச் சேரவில்லை. என் விரலில் மாட்டி லேசாக மடக்கினேன். கோடு துள்ளியது.

மார்ச் 12
ஆஸ்பத்திரியில் அம்மாவின் ஆள்காட்டி விரலில் மாட்டினேன். கருவி பக்கத்திலேயே நின்று கூப்பிட்டேன், கெஞ்சினேன், திட்டக்கூடச் செய்தேன். கோடு படுத்தே கிடந்தது.

மார்ச் 14
அண்ணன் வந்தான். அவன் கல்யாணத்தில் வந்த சண்டை. "என் மூஞ்சியில முழிக்காதே" என்று அம்மா சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டு ஆறு வருஷம் வராதவன். வாசலிலேயே நின்றான். நான்தான் உட்காரவைத்து, அம்மாவின் கையை எடுத்து அவன் கைக்குள் வைத்தேன்.

"அம்மா... நான்தாம்மா."

கோடு ஏறியது. ஏறிக்கொண்டே போனது.

"பாப்பா, அம்மாவுக்குத் தெரியுது! என்னை மன்னிச்சிட்டாங்க!" வார்டே திரும்பிப் பார்க்க அழுதான். நானும்தான்.

மார்ச் 15
எனக்கு ஏன் ஏறவில்லை? கூடவே இருந்தவள் நான். பொறாமையாகத்தான் இருக்கிறது.

மார்ச் 20
ஆய்வகத்தில் என்னோடு வேலை செய்பவனுக்குக் கொக்கி என்று பட்டப்பெயர். எதற்கும் ஒரு கேள்வி போடுவான். இன்றும் போட்டான். "வெறும் பேனாவுல மாட்டிப் பாத்தியா?"

மாட்டினேன். கோடு அசையவில்லை. பேனாவைக் கைக்குள் பொத்திப் பிடித்தேன்.

ஏறியது.

சூடு! சூடு பட்டாலும் இதன் மின்தடை மாறும். முதல் வருஷத்து மாணவிக்குத் தெரிந்த விஷயம். இழுத்துப் பார்த்தேன், மடக்கிப் பார்த்தேன், அசையாத பொருளைப் பிடித்துப் பார்க்க மட்டும் தோன்றவில்லை. ஏற வேண்டும் என்று அவ்வளவு ஆசை.

எனக்கு ஏன் ஏறவில்லை என்பதும் புரிந்துவிட்டது. நான் அம்மாவின் கையைப் பிடிக்கவே இல்லை. கருவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 21
அண்ணனிடம் சொல்ல வேண்டாம். யாருக்கு என்ன நஷ்டம்? தினமும் வந்து ஆறு வருஷக் கதையையும் அம்மாவுக்குச் சொல்கிறான். இன்று பூனை குட்டி போட்ட கதை.

மார்ச் 23
"வேலையை விட்டுட்டு அம்மாவை என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். நல்லாயிடுவாங்க, பாரேன்," என்றான். இதற்குமேல் எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பது? சொல்லிவிட்டேன்.

"அப்ப அது... என் கைச் சூடா?"

"ஆமாண்ணா."

ஒயரை அவனே கழற்றினான். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

மார்ச் 24
வரவில்லை. அவன் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்கவில்லை.

மார்ச் 26
அம்மா போய்விட்டாள். காலையில். பட்டை இல்லை, கருவி இல்லை. நான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் வந்தபோது அந்தக் கை சில்லிட்டிருந்தது.

மூன்று நாள் பொறுத்திருக்கக் கூடாதா நான்? அய்யோ, மூன்றே நாள்.

ஏப்ரல் 2
அண்ணன் பேசவில்லை. அவன் நம்பரை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 17
ஆய்வக வாசலில் அண்ணன். இளைத்திருந்தான். "அந்தப் பட்டை இருக்கா? ஒருதடவை காட்டு."

பேனாவில் மாட்டி, ஒயரைச் சொருகிக் கொடுத்தேன். கைக்குள் பொத்திக்கொண்டான். திரையை இருவரும் பார்த்தோம்.

"ஏற இவ்வளவு நேரமாகுமா?"

"ஆகும்ணா. சும்மா தொட்டா ஏறாது. விடாம இறுக்கிப் பிடிச்சாத்தான்."

கோடு மெல்ல ஏறியது.

"அன்னைக்கு ரொம்ப மேல போச்சுல்ல?"

"ரொம்ப மேல போச்சுண்ணா."

"அப்ப நல்லாப் பிடிச்சிருந்தேன்ல, பாப்பா?"

"நீ நல்லாப் பிடிச்சிருந்தண்ணா."

தலையாட்டினான். பேனாவைக் கீழே வைக்கவில்லை. நானும் கருவியை அணைக்கவில்லை.