இரண்டு முறை அடித்த மணி

பெய்ஜிங்
ஏப்ரல் 9, வியாழக்கிழமை

அன்புள்ள ஹைபோ அம்மாவுக்கு,

இங்கு நான் நலம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும் என்றார் வாத்தியார். அப்படியே வைத்துக்கொள். நீயும் பேத்தியும் நலமா?

எழுத்து மேலும் கீழுமாக ஓடுவதைப் பொறுத்துக்கொள். கட்டம் போட்ட தாளில் கட்டத்துக்கு ஓர் எழுத்து என்றுதான் முதியோர் வகுப்பில் சொல்லித்தந்தார்கள். என் எழுத்துகள் பக்கத்துக் கட்டத்தில் கால் நீட்டுகின்றன. மூன்று காலைப்பொழுதாக எழுதுகிறேன். மருந்து உறையிலிருந்து காஸ் பில் வரை நாற்பத்தோரு வருஷம் எனக்குப் படித்துச் சொன்னவள் நீ. இப்போது நான் எழுதுகிறேன், நீ படிக்கிறாய்! இதை நினைத்து இரண்டு தடவை பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன்.

வீடியோவில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். வீடியோவில் நம் மகன் ஹைபோ உன் தோளுக்குப் பின்னால் நிற்கிறான். இது அவன் காதுக்கு இல்லை. படித்ததும் கிழித்துவிடாதே, முதல் கடிதம் அல்லவா. அரிசி டப்பாவுக்குள் வை. அவன் அதைத் திறந்ததே இல்லை.

முற்றத்து இலந்தை மரம் துளிர்த்துவிட்டது. பக்கத்து வீட்டு ஜாங் தன் கூண்டுக் குருவிக்குப் பேச்சுக் கற்றுக்கொடுக்கிறார். குருவி கற்கவில்லை, அவர்தான் குருவி மாதிரி கத்துகிறார்.

ஞாயிற்றுக்கிழமை மண்காற்று அடித்தது. குவாங்சோவில் உங்களுக்கு அது வந்திருக்காது. சைக்கிள் சவாரி கிளம்பும்போது வானம் வெளுப்பாகத்தான் இருந்தது. போர்ச்சுகல் நாட்டு விருந்தாளிகள் பத்துப் பேர், எல்லாரும் வயதானவர்கள். முன்னால் கொடி கட்டிய சைக்கிளில் யிங், கடைசியில் மஞ்சள் சட்டையில் நான். எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும். ஒவ்வொரு திருப்பத்திலும் நான் தலைகளை எண்ணி, பத்தும் சரியாக இருந்தால் இரண்டு முறை மணி அடிப்பேன். யிங் திரும்பிப் பார்க்கவே மாட்டாள். என் மணியை நம்பிப் போய்க்கொண்டே இருப்பாள்.

மணிக்கூண்டைத் தாண்டியதும் காற்று எழுந்தது. சந்து முழுக்க மஞ்சளாகிவிட்டது. எல்லாரும் முகத்தைத் துணியால் சுற்றிக்கொண்டார்கள். அடுத்த திருப்பத்தில் எண்ணினேன், பத்து. மணி அடித்தேன். அதற்கடுத்த திருப்பத்திலும் பத்து. அடித்தேன்.

ஏரிக்கரையில் நிறுத்தித் துணியை அவிழ்த்தார்கள். பத்தாவது முகம் நம்மூர்க்காரி! வாடகைச் சைக்கிள், முன்கூடையில் பூண்டுத்தண்டுக் கட்டு. யிங் திகைத்துப்போய் நீங்கள் யார் என்று கேட்டாள்.

"காத்துல தனியாப் போனா ஆளத் தள்ளிடுதும்மா. வரிசையாப் போறாங்களேன்னு நடுவுல நுழைஞ்சுக்கிட்டேன். ஏன், அதுக்கும் டிக்கெட்டா?" என்றாள் அவள்.

யாரும் சிரிக்கவில்லை. பிலோமெனா என்ற அம்மாளைக் காணவில்லை. எழுபத்தொரு வயது, இதயத்தில் கருவி வைத்தவள். அவள் கணவர் வந்து என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார், விடவே இல்லை.

யிங் என்னைப் பார்த்து, "ரெண்டு தடவை அடிச்சீங்களே, பெரியவரே" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

வந்த வழியே திரும்பினேன். பெரிய சாலை தொடங்கும் இடத்தில் எங்கள் சிவப்புச் சைக்கிள் கிடந்தது. முன்சக்கரம் எட்டாக வளைந்திருந்தது. ஆள் இல்லை. பக்கத்தில் பஸ்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. ஹைபோ அம்மா, நான் சாலையின் தரையைப் பார்க்கப் பயந்து வானத்தைப் பார்த்தபடி நின்றேன். ஹைபோவுக்கு மூளைக்காய்ச்சல் வந்தபோதுகூட நான் அப்படி நின்றதில்லை.

அப்போது பொதுக் கழிப்பிடத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண்பிள்ளை தன் அறையிலிருந்து தலையை நீட்டினாள். "யோவ் மஞ்சச் சட்டை! இங்க ஒரு வெள்ளைக்காரப் பாட்டி முக்கால் மணி நேரமா என் வெந்நீரக் குடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. உன் மந்தைய நீ எண்ண மாட்டியா, நான்தான் எண்ணணுமா?"

பிலோமெனா காற்றுக்குப் பயந்து இடப்பக்கச் சந்தில் ஒதுங்கியிருக்கிறாள். வெளியே நிறுத்திய சைக்கிளைக் காற்று சாலைவரை உருட்டிவிட, ஏதோ மூன்றுசக்கர வண்டி ஏறிப் போயிருக்கிறது. அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினாள். நான் குந்தி உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் முதலாளி ஃபான், வழக்கம்போல நடந்ததையும் தவறு எங்கே என்பதையும் எழுதித்தரச் சொன்னார். யிங்கை எழுதச் சொல்லி நான் கட்டைவிரல் வைப்பேன் என்று நினைத்திருக்கிறார். நானே பேனாவை எடுத்தேன். கடையே கூடிவிட்டது. "பெரியவர் எழுதறாருடா! போட்டோ எடு, போட்டோ எடு!" முதலாளி, "இந்தக் கையெழுத்துக்கே பாதித் தப்ப மன்னிக்கலாம்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. 'மண்காற்றில் கண் தெரியவில்லை' என்று எழுதிப் பெயரும் போட்டேன். கைதட்டினார்கள். அதைச் சவாரி வரைபடத்துக்குப் பக்கத்தில் ஒட்டியும் விட்டார்கள்.

அது பொய். என் வாழ்க்கையில் நான் எழுதி, என் பெயர் போட்டு, நாலு பேர் படித்த முதல் தாள் பொய்.

காற்று இருந்தது உண்மை. ஆனால் வலப்பக்கம் போனவர்களை எல்லாம் பார்த்தேன். ஜன்னலில் தொங்கிய பூண்டுச் சரத்தைக்கூடப் பார்த்தேன். புத்தாண்டு கழிந்ததிலிருந்து என் இடக்கண் சரியில்லை. வலக்கண்ணைப் பொத்திக்கொண்டு சுவர்க் காலண்டரைப் பார்த்தால் ஆவி பிடித்த கண்ணாடி மாதிரி இருக்கிறது. அந்த அம்மாள் இடப்பக்கம் ஒதுங்கியது எனக்குத் தெரியவில்லை. பூண்டுத்தண்டுக்காரியின் சைக்கிள் நீலம் என்பதும் தெரியவில்லை, அவளும் இடப்பக்கமே ஓட்டினாள். கண்ணில் பட்டாலும் படாவிட்டாலும் பத்து என்று மணி அடித்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரிடமும் போகவில்லை. சொன்னால் வேலை போகும். ஹைபோ டிக்கெட் எடுத்து அனுப்பி, அந்தப் பதினெட்டாம் மாடியில் கொண்டுவந்து உட்காரவைப்பான். சவாரி இல்லாமல் நாள் முழுக்க நான் என்ன செய்வேன்?

ஆனால் வருகிற சனிக்கிழமைப் பட்டியலை யிங் காட்டினாள். இரண்டு குடும்பங்கள், நான்கு குழந்தைகள். சின்னவளுக்கு ஒன்பது வயது. நேற்று முழுக்க எனக்கு நூடுல்ஸ் இறங்கவில்லை. அந்தப் பிள்ளை இடப்பக்கமாக ஓட்டினால்?

அதனால் இன்னொரு தாள் எழுதிவிட்டேன். கண்ணைப் பற்றி, எப்போதிலிருந்து என்பதைப் பற்றி, எல்லாம். சட்டைப்பையில் இருக்கிறது. சனிக்கிழமை காலை சைக்கிள்களை வெளியே எடுப்பதற்கு முன் முதலாளி கையில் கொடுப்பேன். அவர் என்ன சொன்னாலும் சரி, அன்று நான் மணி அடிக்கமாட்டேன். இந்தக் கடிதம் உன்னிடம் வரும்போது சனிக்கிழமை முடிந்திருக்கும். தைரியம் வராமல் போய்விடுமோ என்றுதான் உனக்கு முதலில் எழுதிவிட்டேன். இனி நான் பின்வாங்கினால் உனக்குத் தெரிந்துவிடும்.

கண் ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது என்று தெரியும். வாசல்வரை இரண்டு தடவை போய்ப் பலகையையும் நானே படித்தேன். உள்ளே போகக் கால் வரவில்லை. ஆபரேஷன் செய்து கண்ணைக் கட்டிவிடுவார்களாம், ஒரு நாள் முழுக்க இருட்டாம். பேத்தியை ஒரு பத்து நாள் மருமகளின் அம்மா பார்த்துக்கொள்வாளா? கேட்டுப் பார். முடியாவிட்டால் பரவாயில்லை என்று எழுதலாம் என்று பார்த்தேன், அதை மட்டும் எழுத வரவில்லை.

குழந்தை நன்றாகச் சாப்பிட்டு, நோய்நொடி இல்லாமல் வளரட்டும். நீ குளிர்சாதனக் காற்றுக்கு நேரே படுக்காதே. அடுத்த வாரமும் எழுதுவேன். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பேனா இருக்கும்.

உன்,
மியாவ் தெஷுன்
(பெயரை நானே எழுதினேன்)