அப்பாவின் தொப்பி

என் செல்லத்துக்கு,

நம் சர்ச்சில் கல்லூரிப் பிள்ளைகள் வந்து முடிவெட்டக் கற்றுத் தருகிறார்கள். நானும் சேர்ந்திருக்கிறேன். பழகிப் பார்க்கத் தலை கொடுக்கத்தான் ஆளில்லை. கடைசியில் உன் அப்பா வந்து உட்கார்ந்தார். ஆமாம், நீ சலூன் வைத்ததிலிருந்து உன் பேச்சையே எடுக்காத அதே மனுஷன்.

நான்தான் வெட்டினேன். ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். முடிவு ஜெபத்தில் போதகரே ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார்.

"நான் சரி பண்ணட்டுமா அங்கிள்?" என்றாள் சொல்லித்தந்த பெண்.

"இருக்கட்டும்மா. எம்பொண்ணு வந்து பாத்துக்குவா."

கீழே கிடந்த முடியைக் கூட்டுவதுபோல் நான் குனிந்துகொண்டேன்.

அன்றிலிருந்து வீட்டிலும் தொப்பியோடுதான் இருக்கிறார். ஞாயிறு ஆராதனைக்குத் தொப்பி போட முடியாது. சனிக்கிழமையே கத்தரிக்கோலோடு வந்துவிடு.

நான் வேண்டுமென்றே கோணலாக வெட்டியதாக யாராவது சொன்னால் நம்பாதே.

உன் அம்மா